பலெர்மோவின் பட்டறைகளும் பழைய கார்புரேட்டர்களும்

அறுபது எழுபது ஆண்டு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்தவர் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கலாம், சீட்டுக்கு உறை மாற்றலாம், நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தலாம். இந்த வேலைக்கு எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்கள். வண்டி சாலையில் ஓடுமா, கூடத்தில் காட்சிக்கு நிற்குமா என்பதை முடிவு செய்வது கைக்குள் அடங்கும் கார்புரேட்டர்தான். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் அந்தச் சின்னப் பாகம் தேய்ந்துபோனால், மற்ற எல்லாம் புத்தம் புதிதாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் பழைய வண்டிப் பிரியர்கள் அதிகம் தேடி அலைவது பயன்படுத்தத் தகுந்த பழைய கார்புரேட்டருக்காக. அந்தத் தேடலின் வரலாற்றைப் பார்க்க இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ பொருத்தமான இடம். அங்கே மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருந்ததில்லை. வெஸ்பாவும் மோட்டோ குட்ஸியும் வடக்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை. இருந்தும் அந்த ஊர்த் தெருக்களில் பழைய இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் நீண்ட காலம் தாக்குப்பிடித்தன. பழைய வண்டிகளைக் காப்பாற்றியவர்கள் அவற்றை ஆசையாகச் சேர்த்துவைத்த செல்வந்தர்கள் என்றே பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். புது வண்டி வாங்க வசதியில்லாமல் அவற்றை வைத்தே பிழைப்பு நடத்தியவர்களும், அவர்களுக்காக அவற்றை ஓடவைத்துக்கொண்டே இருந்த பட்டறைக்காரர்களும்தான் உதிரிபாகங்களையும் கைவேலையையும் சாகவிடாமல் பிடித்துவைத்திருந்தார்கள் என்பது என் வாதம்.

கார்புரேட்டர் எப்படிக் கெடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் வாதம் தெளிவாகும். பழைய மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் ஓர் உருளை உண்டு. மெக்கானிக்குகள் அதை ஸ்லைடு என்பார்கள். அதன் அடியில் கூம்பாகச் சீவிய ஒரு நீடில் தொங்கும். நீடில் இறங்கும் பித்தளைக் குழாய்க்கு நீடில் ஜெட் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் எஞ்சின் அதிர, நீடில் உரசி உரசி அந்தக் குழாயின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். உடனே பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கரி பிடிக்கும். ஸ்லைடு தேய்ந்தால் பக்கவாட்டில் காற்று கசிந்து உள்ளே போகும், ஐட்லிங் நிற்காது. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் எஞ்சினோடு சேரும் பட்டை வளைந்துவிடும். தட்டையான கண்ணாடிமேல் எமரி தாளை வைத்து எட்டு போடுவதுபோல் தேய்த்துத் தேய்த்துத்தான் அதைச் சமன் செய்ய முடியும். உடல் வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால் பல ஆண்டு கழித்து அது உள்ளுக்குள்ளேயே விரிந்து பொரியும். அதற்கு மருந்தே கிடையாது. ஜெட்டின் எண்ணைப் படிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. இத்தாலியின் டெல்லோர்த்தோ நிறுவனத்து ஜெட்டில் 80 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.80 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் அமால் நிறுவனத்து எண், துளை வழியே எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போட்டால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். இந்த நுணுக்கங்களில் ஒரு பகுதி புத்தகத்தில் கிடைக்கும். மீதியெல்லாம் தொடர்ந்து இதே வேலையைச் செய்யும் கைகளில் இருப்பது. வேலை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட கைகள் பலெர்மோவில் மோட்டார் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தன. பழைய நகரத்தின் தெருப் பெயர்களே அதைச் சொல்கின்றன: செம்புக்கொட்டிகளின் கல்தெராய் தெரு, மெழுகுவர்த்திக்காரர்களின் கந்தெலாய் தெரு, சாவி செய்தவர்களின் கியாவெத்தியேரி தெரு, மெத்தை தைத்தவர்களின் மத்தெரஸ்ஸாய் தெரு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கங்கள் நகரத்தின் கோட்டைக் காவலிலும் பங்கு வகித்தன. 1773இல் வைஸ்ராய் ஃபொல்யானியையே ஊரைவிட்டு விரட்டிய கலகத்தில் அவற்றின் பலம் தெரிந்தது. 1822இல் அரசு அவற்றைக் கலைத்தது. சங்கம் போனாலும் தொழில் தெருக்களிலேயே தங்கியது. 1841இல் ஃப்ளோரியோ குடும்பம் ஒரேத்தேயா வார்ப்புப் பட்டறையை வாங்கி நடத்தியது. 1897இல் கப்பல் கட்டும் தளம் வந்தது. இரும்பு வார்க்கவும், கடையவும், பொருத்தவும் தெரிந்த தொழிலாளர் தலைமுறை ஒன்று இவற்றில் வளர்ந்தது. இன்னொரு பக்கம், 19ஆம் நூற்றாண்டில் தீவில் சாலைகள் போடப்பட்டதும் சிசிலியின் புகழ்பெற்ற வண்ணக் குதிரைவண்டி பெருகியது. அந்த வண்டி ஒருவர் செய்து முடிப்பது அல்ல. தச்சர், கொல்லர், மரம் செதுக்குபவர், வீரர் கதைகளைப் பலகைகளில் தீட்டும் ஓவியர் என்று பலர் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். அச்சுக்கு மேலே கொல்லர் பின்னும் இரும்பு வேலைப்பாட்டின் நுட்பம் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடும். சக்கரக் குடத்துக்குள் வெண்கலப் புஷ் வைத்துப் பொருத்துவார்கள். வண்டி ஓடும்போது அது கணகணவென்று ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. இடைவெளி எவ்வளவு விட்டால் உலோகம் உலோகத்தோடு இணக்கமாக ஓடும் என்ற அறிவு அது. ஸ்லைடுக்கும் கார்புரேட்டர் உடலுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் அதே வகை அறிவுதான்.

இரண்டாம் உலகப்போர் இந்த ஊருக்குப் பேரழிவைக் கொண்டுவந்தது. 1943 மே மாதத்துக் குண்டுவீச்சில் பழைய நகரம் பெருமளவு சிதைந்தது. ஜூலை 22 அன்று ஜெனரல் பாட்டனின் அமெரிக்கப் படை பலெர்மோவுக்குள் நுழைந்தது. அப்போது நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் இத்தாலி முழுவதும் ஓடின: அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ, இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ எம்20, மாட்ச்லெஸ் ஜி3எல், நார்ட்டன் 16எச். போர் முடிந்ததும் நாடு முழுவதும் கிடந்த ராணுவ மிச்சங்களை விற்கவே 1945இல் இத்தாலிய அரசு ஏ.ஆர்.ஏ.ஆர் என்ற பொது நிறுவனத்தை அமைத்தது. பாசிச எதிர்ப்பாளராகச் சிறையில் ஆண்டுகள் கழித்த எர்னெஸ்தோ ரோஸ்ஸி அதன் தலைவர். லாரி, ஜீப், டயர் முதல் மோட்டார் சைக்கிள் வரை எல்லாம் அந்த வழியாக மக்கள் கைக்கு வந்தன. ஹார்லியில் இருந்தது லிங்கர்ட் கார்புரேட்டர், ஆங்கில வண்டிகளில் அமால், இத்தாலிய வண்டிகளில் டெல்லோர்த்தோ. மூன்று நாட்டு அளவு முறை, மூன்று வகை மரை, மூன்று வகை ஜெட் எண். உதிரிபாகம் அனுப்ப எந்தக் கம்பெனியும் காத்திருக்கவில்லை. ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்த வேண்டும். இல்லாததை லேத்தில் கடைய வேண்டும். இன்று பழைய வண்டியைப் புதுப்பிப்பதில் கைதேர்ந்தவர் என்று யாரைச் சொல்கிறோமோ, அவர் செய்கிற எல்லாவற்றையும் போருக்குப் பிந்தைய இத்தாலியின் மெக்கானிக்குகள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள். பழைய வண்டியைப் புதுப்பிப்பது பொழுதுபோக்காக மாறியது அதற்குப் பின்னால்தான்.

இந்தச் சூழலில்தான் பியாஜியோ வந்தது. 1946 ஏப்ரல் 23 அன்று வெஸ்பாவுக்குக் காப்புரிமை கோரிய அந்த நிறுவனம், இரண்டே ஆண்டில், 1948இல், அதே வகை எஞ்சினோடு மூன்று சக்கரச் சரக்கு வண்டியான ஆப்பேயைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் வடிவம் தந்தவர் விமானப் பொறியாளரான கொர்ராதீனோ தஸ்கானியோ. முதல் ஆப்பே 125 சி.சி எஞ்சினில் 200 கிலோ சுமந்தது. பல்லரோ, காப்போ, வுச்சிரியா போன்ற பலெர்மோவின் பழைய சந்தைகளின் சந்துகளில் லாரி நுழையாது. குதிரைக்குத் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாத காலமும் வந்துவிட்டது. எனவே காய்கறி, மீன், பழைய இரும்பு, கட்டடச் சாமான் எல்லாம் ஆப்பேயில் ஏறின. உள்ளூரில் அதற்கு லாப்பா என்று பெயர். குதிரைவண்டியில் தீட்டிய அதே வீரர் கதைகளைச் சில ஓவியர்கள் ஆப்பேயின் தகரத்திலும் தீட்டினார்கள். மோட்டோ குட்ஸியும் 1946இல் ஏர்கொலே என்ற 500 சி.சி மூன்று சக்கர வண்டியை வெளியிட்டு 1980 வரை செய்தது. அந்தக் கம்பெனி 1921இல் தொடங்கியதிலிருந்தே நம்பியிருந்த, சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும் எஞ்சின் குடும்பம்தான் அதிலும் இருந்தது. பந்தய வண்டிகள் மாறின, நாகரிகம் மாறியது. ஆனால் சுமை தூக்கும் வண்டிக்காக அந்த எஞ்சினின் உறவுப் பாகங்கள் 1980 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. இன்று மோட்டோ குட்ஸியின் 1950களின் ஃபல்கோனே மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கிறவர் அந்தச் சுமைவண்டிக்கும் கடன்பட்டவர். உழைக்கிற வண்டி எங்கே இருந்ததோ அங்கேதான் உதிரிபாகத்துக்குத் தேவை இருந்தது; தேவை இருந்த இடத்தில்தான் பாகமும் கைவேலையும் பிழைத்தன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய வண்டிகளைக் காத்தது தெற்கின் பட்டறைகள் அல்ல, வடக்கின் தொழிற்சாலைகளும் சங்கங்களும் ஆவணங்களும்தான் என்று சொல்லலாம். டெல்லோர்த்தோ 1933இல் தொடங்கியது மிலானுக்கு அருகே உள்ள செரெஞ்ஞோவில். இன்றும் தன் பழைய மாடல்கள் பலவற்றுக்கு அது பாகங்கள் செய்கிறது. இத்தாலிய மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1911இலிருந்து இயங்குகிறது. பழைய வண்டிகளுக்கான சங்கமான ஏ.எஸ்.ஐ 1966இல் உருவானது. இவ்விரண்டும் தரும் சான்றிதழ்தான் ஒரு வண்டியை வரலாற்றுச் சிறப்புள்ளது என்று சட்டத்தின் கண்ணில் நிறுவுகிறது. 2000ஆம் ஆண்டின் 342ஆம் எண் சட்டம் 30 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு உடைமை வரியிலிருந்து விலக்கும் அளித்தது. இவை இல்லாவிட்டால் ஏராளமான வண்டிகள் எடைக்குப் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காலவரிசையைக் கவனிக்க வேண்டும். சங்கம் பிறந்தது 1966இல்; வரி விலக்கு வந்தது 2000இல். போர்க்கால வண்டிகளும் முதல் வெஸ்பாக்களும் அதற்கு முன்னாலேயே இருபது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் அவற்றுக்கு வரலாற்று மதிப்பு என்று எதுவும் கிடையாது. பழைய வண்டி, அவ்வளவுதான். அந்த நாட்களில் அவற்றை விட்டுவிடாமல் வைத்திருந்தது பயன்பாடு மட்டுமே. தொழிற்சாலையும் வாங்குபவர் இருக்கிற வரைதான் அச்சை வைத்திருக்கும். சான்றிதழ் என்பது பிழைத்து வந்ததைப் பதிவு செய்யும் ஏற்பாடு. பிழைக்கவைத்தது அதற்கு முந்திய உழைப்பு.

இந்த வாதத்துக்கு இன்னும் பெரிய சான்று இத்தாலிக்கு வெளியே, நம் பக்கத்தில் இருக்கிறது. மிலானின் இன்னொசெந்தி நிறுவனம் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் தயாரிப்பை 1971இல் நிறுத்திவிட்டது. அதன் இயந்திரங்களை இந்திய அரசு வாங்கியது. 1972இல் உருவான ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் லக்னோவில் 1997 வரை ஸ்கூட்டர் செய்தது. பஜாஜ் 1971 வரை பியாஜியோவின் உரிமத்தோடு வெஸ்பா செய்தது. பிறகு அதே வடிவத்தைத் தன் பெயரில் சேத்தக் என்று பல்லாண்டு தொடர்ந்தது. இவற்றுக்கு வேண்டிய டெல்லோர்த்தோ வகைக் கார்புரேட்டரை ஸ்பாக்கோ நிறுவனம் உரிமத்தோடு இந்தியாவிலேயே செய்தது. ஜெட்டெக்ஸ் என்ற பெயர் பொறித்த அவை இன்று ஐரோப்பாவின் லாம்பிரெட்டாப் பிரியர்களுக்குப் பழகிப்போனவை. தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த புல்லட்டை 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் சென்னையிலிருந்து புல்லட் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. அந்த வண்டிகளில் ஒரு காலம் அமால் வகைக் கார்புரேட்டர் இருந்தது. பின்னால், ஜப்பானின் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையை அடுத்த மறைமலை நகரில் உக்கால் நிறுவனம் செய்த மிக்கார்ப் வந்தது. ஐரோப்பா அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட வடிவங்களை இந்தியச் சாலைகள் வேலை வாங்கிக்கொண்டிருந்ததால்தான் அவற்றின் பாகங்கள் உலகத்துக்குக் கிடைத்தன. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடைகடையாக அடுக்கியிருக்கும் பாகங்களும் பலெர்மோவின் பழைய பொருள் சந்தையில் துணி விரித்துப் பரப்பிய பாகங்களும் ஒரே பொருளாதாரத்தில் விளைந்தவை.

இங்கே சேகரிப்பாளர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: இந்தியாவில் செய்த கார்புரேட்டரைப் போட்டால் அது அசல் இத்தாலிய வண்டியாகுமா? இதற்குப் பதில் தேட பலெர்மோவிலேயே ஓர் ஆசான் இருந்தார். ரோம் நகரின் மத்தியப் புதுப்பிப்பு நிறுவனத்தை 1939 முதல் கட்டி எழுப்பிய செசாரே பிராந்தி 1960களில் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தார். அவருடைய புதுப்பித்தல் கோட்பாட்டு நூல் வெளியானது 1963இல். கலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது காலம் விட்ட தடயத்தை அழிக்கக் கூடாது, புதிதாகச் சேர்த்தது அருகில் பார்ப்பவருக்குப் புதிது என்று தெரிய வேண்டும், பொய்யான வரலாற்றை உண்டாக்கக் கூடாது என்பவை அவர் வகுத்த நெறிகள். அதே நூலில், பயன்படுத்துவதற்காக ஆலையில் செய்த பொருளைப் புதுப்பிப்பதை அவர் தனி வகையாக வைத்தார். அதன் நோக்கம் இழந்த செயலை மீட்டுத் தருவது. பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு வகையிலும் கால் வைத்து நிற்கிறது. வரலாற்றுச் சான்று என்ற முறையில் அதன் தடயங்களை மதிக்க வேண்டும். இயந்திரம் என்ற முறையில் அது ஓட வேண்டும். ஓடாத கார்புரேட்டர் அசலாக இருந்தும் தன் வேலையைச் செய்யவில்லை. ஆகவே ஜெட்டெக்ஸ் என்ற பெயர் தெரியவே பொருத்திய இந்தியக் கார்புரேட்டர் பிராந்தியின் நெறிக்கு முரணானதல்ல. அந்த வண்டியின் வாழ்க்கையில் அதுவும் ஓர் உண்மையான அத்தியாயம். முரணானது எது என்றால், புதிதாக வார்த்த உடலில் பழைய முத்திரையைப் பொறித்து 1950ஆம் ஆண்டுப் பொருள் என்று விற்பது. தேய்ந்த அசலை எறிந்துவிடாமல் வண்டியோடு சேர்த்துவைத்து, மாற்றியது என்ன என்று குறித்தும் வைத்தால் வரலாறும் கெடாது, வண்டியும் ஓடும்.

தேவைதான் திறனை வளர்க்கிறது என்பதற்குத் தமிழ் வாசகர் நன்கு அறிந்த சான்று யாழ்ப்பாணம். 1990இல் வந்த பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெட்ரோல் அரிதாகி, எட்டாத விலைக்குப் போனது. மக்கள் மோட்டார் சைக்கிளையும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சில சொட்டுப் பெட்ரோலைச் சின்னப் போத்தலிலிருந்து கார்புரேட்டருக்குள் ஊதிவிட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எந்த எண்ணெய் எந்தச் சூட்டில் ஆவியாகும், எவ்வளவு காற்றோடு கலந்தால் பற்றும் என்ற கார்புரேட்டர் பாடம் முழுவதையும் ஓர் ஊரே தெருவில் நின்று கற்றுக்கொண்டது. 1980களிலிருந்து போரால் சிதறிய ஈழத்தமிழரில் ஆயிரக்கணக்கானோர் பலெர்மோவில் குடியேறினார்கள். பல்லரோ சந்தையைச் சுற்றிய வட்டாரத்தில் அவர்கள் வாழ்வு வேரூன்றியது. 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாக நம்பப்படும் சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குச் சைவத் தமிழரும் ஏறிப் போகிறார்கள். கைவிட வழியில்லாதவர்கள் கையில் இருப்பதை வைத்தே வாழக் கற்ற இரண்டு ஊர்களின் வரலாறு அந்தச் சந்தைத் தெருக்களில் சந்தித்துக்கொண்டது. பலெர்மோவின் பட்டறையைத் தமிழில் எழுதுவதற்கு எனக்கு இந்த உறவு ஒன்றே போதுமான காரணம்.

வறுமையைப் போற்றுகிறாயா என்று ஒருவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. உதிரிபாகம் இல்லாமல் தவிப்பது பெருமையல்ல. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் பெட்ரோல் கிடைத்த நாளில் மகிழ்ச்சியோடு அதற்கு மாறினார்கள். நான் போற்றுவது அந்தத் துன்பத்துக்குள் உருவான அறிவை. துன்பம் தீர்ந்த பிறகும் அறிவு மிஞ்ச வேண்டும் என்பதே கவலை. இரண்டாவது குறை, பழைய பாகச் சந்தையில் திருட்டுப் பொருள் கலக்கிறது என்பது. அது உண்மையான ஆபத்து. சேசிஸ் எண்ணைப் போலக் கார்புரேட்டரை அரசு பதிவதில்லை. அதன்மேல் இருப்பது மாடல் எண் மட்டும். ஆகவே கேள்வியே இல்லாமல் அது கைமாறும். இதற்குத் தீர்வு சந்தையை மூடுவது அல்ல, விற்பவரையும் வாங்குபவரையும் ரசீதுப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது. மூன்றாவது குறை புகை. எண்ணெய் கலந்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத பெட்ரோலையே புகையோடு வெளியே தள்ளும். சந்துகளில் வாழ்பவரின் நுரையீரல்தான் அதற்கு விலை கொடுக்கிறது. நாள் முழுவதும் சரக்கு ஏற்றி ஓடும் வண்டி மின்சாரத்துக்கு மாறுவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். புதுப்பித்த பழைய வண்டி ஆண்டில் சில நூறு கிலோமீட்டர் ஓடுவது வேறு கணக்கு. அதிலும், நீள்வட்டமாகிப்போன நீடில் ஜெட்டை மாற்றி ஒழுங்காக டியூன் செய்த வண்டி, தேய்ந்த கார்புரேட்டரோடு ஓடுவதைவிடக் குறைவாகவே புகைக்கும். நல்ல பட்டறை இருப்பது காற்றுக்கும் நல்லதுதான்.

இப்போது நாம் நிற்பது ஒரு திருப்பத்தில். ஐரோப்பாவின் புகை விதிகளும் பாதுகாப்பு விதிகளும் இறுகியதால் 2024 இறுதியில் இத்தாலியின் பொந்தெதேரா ஆலையில் ஆப்பே 50 தயாரிப்பை பியாஜியோ நிறுத்தியது. அந்த வண்டியின் எதிர்காலம் மகாராஷ்டிரத்தின் பாராமதி ஆலையோடு பிணைந்திருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்ததும் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. பலெர்மோவுக்கு அருகே தெர்மினி இமெரேசேயில் 1970இல் தொடங்கிய ஃபியட் ஆலை 2011 இறுதியில் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பெரிய ஆலை போகும்போது ஊர் முழுக்கச் செய்தியாகிறது. ஒரு தெருமுனைப் பட்டறை பூட்டப்படுவது யார் கணக்கிலும் வராது. பலெர்மோ பல்கலைக்கழகத்தில் எஞ்சின்களுக்கும் இயந்திரங்களுக்கும் அருமையான அருங்காட்சியகம் இருக்கிறது. அது உலோகத்தைக் காக்கும். ஜெட்டைக் கண்ணால் பார்த்தே தேய்மானம் சொல்கிற பழக்கத்தைக் காப்பது அதன் வேலையல்ல. இதுவரை உழைக்கும் வண்டிகள்தான் பட்டறைக்கு வருமானம் தந்தன, பட்டறைதான் பழைய வண்டியைக் காத்தது. உழைக்கும் வண்டிகள் வேறு தொழில்நுட்பத்துக்குப் போய்விட்டால் அந்தச் சங்கிலி அறுகிறது. இனி அந்தப் பொறுப்பைச் சேகரிப்பாளர்கள் ஏற்க வேண்டும்.

ஏற்பது என்றால் என்ன? மூன்று காரியங்கள் செய்யலாம், மூன்றும் எளியவை. பாலிஷ் போட்ட டேங்குக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கை, ஸ்லைடுக்குப் புஷ் வைக்கவும் ஜெட் கடையவும் தெரிந்தவருக்கு நியாயக் கூலியாகத் தர வேண்டும். அந்தக் கூலி இருந்தால்தான் இளையவர் ஒருவர் அவரிடம் வேலை கற்க வருவார். சான்றிதழ் தரும் சங்கங்கள் அசல் முத்திரையை மட்டும் பார்க்காமல், நேர்மையாகக் குறித்து மாற்றிய பாகத்தையும் ஏற்க வேண்டும். அப்போது போலி முத்திரைக்குச் சந்தை குறையும். இந்தியாவில் பழைய கார்புரேட்டர் அச்சுகளை வைத்திருக்கும் ஆலைகள் அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன், அளவுகளையாவது வரைபடமாகப் பொறியியல் கல்லூரிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் கொடுத்துவைக்க வேண்டும். 1822இல் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்ட பிறகும் பலெர்மோவில் கைவேலை பிழைத்ததற்கு ஒரே காரணம், அதற்கு அன்றாடம் வேலை கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பதுதான். பழைய வண்டியை நேசிக்கிறவர் முதலில் அந்த வேலை கொடுப்பவராக வேண்டும். அவர் அப்படி ஆகிற வரைக்கும்தான் 0.80 மில்லிமீட்டர் துளை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.